சுரங்கம் மூடிய ஊர்கள்: ஜெர்மனியின் ரூர் வட்டாரம்

ஜெர்மனிக்குப் போய் வந்தவர்கள் நம் சங்கத்திலேயே பலர் உண்டு. பெர்லின் சுவரின் மிச்சம், ரைன் நதியில் படகுச் சவாரி, கறுப்புக் காட்டில் வாங்கிய குயில் கடிகாரம் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ரூர் வட்டாரத்தைப் பார்த்து வந்தேன் என்று சொன்னவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. அதில் வியப்பும் இல்லை. கரியும் புகையுமாகக் கிடந்த இடத்தை யார் காசு செலவழித்துப் போய்ப் பார்ப்பார்கள்?

ஆனால் ரூர்கேலாவிலும் பொகாரோவிலும் ஜாம்ஷெட்பூரிலும் தன்பாதிலும் பிழைக்க வந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வட்டாரம் அந்நியமே அல்ல. நமக்குச் சோறு போட்ட கரியும் இரும்பும்தான் அங்கும் சோறு போட்டன. ரூர்கேலாக்காரர்களுக்கோ உறவு இன்னும் நெருக்கம். இந்திய அரசு 1953-இல் இரும்பாலைக்காக ஒப்பந்தம் செய்துகொண்ட க்ரூப், டெமாக் என்னும் இரு கம்பெனிகளும் ரூர் வட்டாரத்துக் கம்பெனிகளே. முன்னது எஸ்ஸன் நகரத்தது. பின்னது டூயிஸ்பர்க் நகரத்தது. 1959 பிப்ரவரி 3-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் 'பார்வதி' என்று பெயரிட்ட முதல் ஊதுலையைத் தொடங்கி வைத்தார். எல்.டி. முறையில் எஃகு காய்ச்சிய முதல் இந்திய ஆலையும் அதுவே. (ரூர், ரூர்கேலா என்ற பெயர் ஒற்றுமை தற்செயலானது. ஜெர்மானியர் வருவதற்கு முன்பே அந்த ஊருக்கு அந்தப் பெயர்தான். இதைப் பலருக்குச் சொல்லி அலுத்துவிட்டது.)

நான் அந்த ஆலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகள் ரூர் வட்டாரத்தின் கிழக்கு முனையில் உள்ள டோர்ட்முண்ட் நகரில் பணியில் இருக்கிறாள். 2023 கோடையில் நானும் என் மனைவியும் இரண்டு மாதம் அவள் வீட்டில் இருந்தோம். "அப்பா, பாரிஸ் போகலாமா, சுவிட்சர்லாந்து போகலாமா?" என்று கேட்டாள். "முதலில் க்ரூப் ஊரைக் காட்டம்மா" என்றேன். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு மனதில் ஒரு கேள்வி இருந்தது. அங்கே 2018-ஆம் ஆண்டு கடைசிச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள் என்று படித்திருந்தேன். கரியை நம்பி உண்டான ஊர்களில் கரி நின்றுபோனால் ஜனங்கள் என்ன ஆவார்கள்? கரிப் பட்டணங்களில் குடியிருக்கும் நமக்கு இது வெறும் பொது அறிவுக் கேள்வி அல்லவே!

மூன்று ஆறுகளின் நடுவே

வரைபடத்தில் ஜெர்மனியின் மேற்குப் பக்கம் பாருங்கள். வடக்கு ரைன் - வெஸ்ட்பாலியா என்ற மாநிலம் தெரியும். அதற்குள் ரைன் நதியிலிருந்து கிழக்கே நீண்டு கிடக்கிறது ரூர் வட்டாரம். பரப்பு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 51 லட்சத்தை ஒட்டி. டூயிஸ்பர்க், ஓபர்ஹவுசன், எஸ்ஸன், கெல்சன்கிர்ஷன், போஹும், டோர்ட்முண்ட் என்று நகரத்தோடு நகரம் ஒட்டியிருக்கும். எது எங்கே முடிகிறது என்று ரயிலில் போகும்போது சொல்லவே முடியாது. இத்தனைக்கும் இவை ஒரே மாநகராட்சி அல்ல. 53 ஊராட்சி அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி கௌரவம். டூயிஸ்பர்க்கிலிருந்து டோர்ட்முண்டுக்கு விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

குறுக்கே மூன்று ஆறுகள் கிழக்கிலிருந்து மேற்காக ஓடி ரைனில் கலக்கின்றன. தெற்கே ரூர், நடுவே எம்ஷர், வடக்கே லிப்பே. ரூர் நதி வின்டர்பர்க் என்ற மலையூரில் பிறந்து 219 கிலோமீட்டர் ஓடுகிறது. தொழில் வளர்ந்த காலத்தில் இந்த ஆறுகளுக்குள் ஒரு விசித்திரமான வேலைப் பங்கீடு செய்தார்கள். ரூர் குடிதண்ணீருக்கு, எம்ஷர் சாக்கடைக்கு. பாவப்பட்ட எம்ஷரின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நிலத்தடியில் 30 கோடி ஆண்டுப் பழமையுள்ள கரிப்படுகை இருக்கிறது. அது தெற்கே ரூர் கரையில் தரையிலேயே தலைகாட்டும். வடக்கே போகப் போகச் சரிந்து ஆழத்துக்குள் இறங்கிவிடும். இந்த ஒரு சரிவுதான் வட்டாரத்தின் சரித்திரத்தையே எழுதியது. விட்டன் நகருக்கு அருகே உள்ள முட்டன் பள்ளத்தாக்கில் ஒரு பன்றி மேய்க்கும் பையன் குளிருக்காகக் குழியில் தீ மூட்டினானாம்; விடிந்து பார்த்தால் கல்லும் கனன்றுகொண்டிருந்ததாம். கதைதான், ஆனால் தரைக்கு மேலே கரி தெரிகிற இடத்துக்குப் பொருத்தமான கதை. முதலில் ஆற்றங்கரையில் தோண்டினார்கள். பிறகு நீராவி எஞ்சின் வந்து தண்ணீரை இறைக்க, சுரங்கங்கள் வடக்கே எம்ஷருக்கும், பின்னர் லிப்பேக்கும் நகர்ந்தன. கடைசிச் சுரங்கங்களில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தார்கள். ஜரியாவில் தரையைச் சுரண்டினாலே கரி வரும் நமக்கு அந்த ஆழமே பிரமிப்பு.

க்ரூப் வீட்டு 269 அறைகள்

எஸ்ஸனில் 1850-இல் பத்தாயிரம் பேர் அளவில்தான் இருந்தார்கள். 1896-இல் லட்சத்தை எட்டிவிட்டது. 1847-இல் கொலோன் - மிண்டன் ரயில் பாதை வந்ததும், 1811-இல் சிறிய அளவில் தொடங்கிய க்ரூப் ஆலை பூதாகரமாக வளர்ந்ததும் காரணம். ஆல்பிரட் க்ரூப் என்பவர் ரயில் சக்கரத்துக்கு ஒட்டுப்போடாத எஃகு வளையம் செய்து பணம் குவித்தார். மூன்று வளையங்கள் பின்னிய கம்பெனிச் சின்னம் அந்தச் சக்கர வளையங்கள்தாம். பலர் பீரங்கிக் குழல் என்று நினைக்கிறார்கள்; நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பீரங்கியும் செய்தார்கள் என்பது வேறு விஷயம்.

அவர் 1873-இல் கட்டி முடித்த ஹ்யூகல் மாளிகையில் 269 அறைகள். இன்று பொதுமக்கள் பார்க்கலாம். கீழே பல்டனை ஏரி பளபளக்கிறது. என் மனைவிக்கு மாளிகை பிடித்திருந்தது. எனக்கு மார்கரெட்டன்ஹோ என்ற தொழிலாளர் குடியிருப்புதான் பிடித்தது. 1909-இல் கட்டத் தொடங்கியது. க்ரூப் குடும்பத்துப் பெண்மணி மார்கரெட் க்ரூப்பின் அறக்கட்டளை எடுப்பித்தது. மரங்கள், சின்னத் தோட்டம், சந்தைத் திடல், கம்பெனிக் கடை. நம் டவுன்ஷிப் செக்டார்களில் நடப்பதுபோலவே இருந்தது.

அந்தப் பெருமையின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு உலகப் போர்களுக்கும் ஆயுதம் தந்த நிலம் இது. இரண்டாம் போரில் அந்நிய நாட்டுக் கைதிகளையும் அடிமைகளாகப் பிடித்து வந்தவர்களையும் வைத்து ஆலைகளை ஓட்டினார்கள். குண்டு வீச்சில் நகரங்கள் தரைமட்டமாயின. 1923-இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் வந்து வட்டாரத்தையே பிடித்து வைத்திருந்தன. அந்தச் சண்டைக்கே இடமில்லாமல் செய்வதற்காகத்தான் 1951-இல் ஆறு நாடுகள் சேர்ந்து நிலக்கரி - எஃகுச் சமூக ஒப்பந்தம் செய்தன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வேர் அது.

பிழைக்க வந்தவர்கள்

ரூர்க்காரர் என்று சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன் வேறெங்கிருந்தோ வந்தவர். முதல் உலகப் போருக்கு முன் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்தும் போலந்து மொழி பேசும் பகுதிகளிலிருந்தும் லட்சக்கணக்கில் வந்தார்கள். தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினால் 'ஸ்கி' என்று முடியும் பெயர்கள் நிறைய. 1961-இல் துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம். 1963 முதல் தென் கொரியாவிலிருந்துகூடச் சுமார் 8,000 பேர் சுரங்க வேலைக்கு ஜெர்மனி வந்தார்கள். எல்லோருமே இரண்டு மூன்று வருஷம் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புவதாகத்தான் நினைத்து வந்தார்கள். நம்மில் எத்தனை பேர் அதே நினைப்போடு ரயில் ஏறினோம்!

சுரங்கத்துக்குள் மொழியோ மதமோ பார்க்க முடியாது, பக்கத்தில் இருப்பவன் கையில் நம் உயிர் என்பார்கள். 'க்ளுக்ஆஃப்' என்பது சுரங்கத்தாரின் வணக்கச் சொல். கீழே போகிறவன் நல்லபடியாக மேலே வரவேண்டும் என்ற வாழ்த்து அதில் உண்டு. இப்போதும் சொல்கிறார்கள். தெருமுனைப் பெட்டிக்கடையும் அவர்களுடைய ஒரு ஸ்தாபனம்தான். குழாய்த் தண்ணீர் நம்பகமில்லாத காலத்தில் தொழிலாளிக்குச் சாராயத்துக்குப் பதில் சோடாத் தண்ணீர் கிடைக்கட்டும் என்று தொடங்கியவை. இன்று பத்திரிகை, பீர், மிட்டாய், அரட்டை எல்லாம் அங்கே கிடைக்கும்.

மற்றொரு பைத்தியம் கால்பந்து. கெல்சன்கிர்ஷனின் ஷால்கே 04 அணிக்குச் 'சுரங்கத் தொழிலாளிகள்' என்றே பட்டப்பெயர். ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வரும் வழியைச் சுரங்கப் பாதைபோல அமைத்திருக்கிறார்கள். டோர்ட்முண்ட் மைதானத்தில் 81,365 பேர் கூடுவார்கள். தெற்குப் பக்கத்தில் மட்டும் 25 ஆயிரம் பேர் நின்றுகொண்டே பார்ப்பார்கள். இரண்டு ஊருக்கும் ஜென்மப் பகை. சம்பந்தம் செய்யும்போதுகூட விசாரிப்பார்கள் என்று என் மகள் வேடிக்கையாகச் சொன்னாள்.

மூடியது எப்படி?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். 1957-இல் மேற்கு ஜெர்மனியின் கரிச் சுரங்கங்களில் ஆறு லட்சம் பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பான்மையோர் ரூரில். மறு வருஷமே சரிவு தொடங்கிவிட்டது. மலிவான எண்ணெயும் கப்பலில் வந்த அமெரிக்கக் கரியும் விலையை முறித்தன. கரி தீர்ந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றும் கீழே கிடக்கிறது. ஆனால் அத்தனை ஆழத்திலிருந்து எடுத்தால் உலகச் சந்தை விலையைவிட இரு மடங்குக்கும் மேல் அடக்கமாகும். 1968-இல் சுரங்கங்களைச் சேர்த்து ரூர்கோலே என்ற ஒரே கம்பெனியாக்கினார்கள். அரசு மானியம் கொடுத்துக் கொடுத்து ஐம்பது ஆண்டுகள் மெதுவாகச் சுருக்கினார்கள். 2018-இல் முடித்துவிடுவது என்று 2007-இலேயே சட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்கள். 2018 டிசம்பர் 21-ஆம் தேதி போட்ராப் நகரத்து ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கத்திலிருந்து வந்த கடைசிக் கரித்துண்டை ஜனாதிபதி ஸ்டைன்மையரிடம் தொழிலாளிகள் கொடுத்தார்கள்.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது, யாரையும் நடுத்தெருவில் விடுவதில்லை என்ற உறுதி. தொழிற்சங்கம், கம்பெனி, அரசு மூவரும் அதில் நின்றார்கள். நிலத்தடியில் வேலை பார்த்தவர் 50 வயதில் உதவித்தொகையோடு விலகலாம். இளையவர்களுக்கு வேறு சுரங்கம், அதுவும் மூடினால் வேறு தொழில் கற்க ஏற்பாடு. 1965-இல் போஹும் பல்கலைக்கழகம் திறந்தது. அதற்கு முன் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழகம்கூடக் கிடையாது! கரி வெட்டுகிறவன் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று மேலே இருந்தவர்கள் நினைத்த காலம் அது. டோர்ட்முண்டிலும் 1968-இல் ஒன்று வந்தது. இன்று வட்டாரத்துக் கல்லூரிகளில் லட்சக்கணக்கில் மாணவர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் ஏராளம்.

எல்லாம் சுபம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சுரங்கம் மூடிய இடத்தில் 1962-இல் போஹும் நகருக்கு ஓபல் கார் ஆலை வந்தது. அதை 2014-இல் மூடிவிட்டார்கள். நோக்கியா ஆலை 2008-இல் ருமேனியாவுக்குப் போயிற்று. டோர்ட்முண்டின் பீனிக்ஸ் எஃகாலையை 2001-இல் நிறுத்தி, சீனாவுக்கு விற்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் சீனத் தொழிலாளிகள் வந்து தங்கி, திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பெட்டியில் கட்டிக் கப்பலேற்றினார்கள். இருந்த இடத்தில் 24 ஹெக்டேரில் ஏரி வெட்டி, 2010-இல் தண்ணீர் நிரப்பத் தொடங்கினார்கள். கரையில் விலை உயர்ந்த வீடுகள். அந்த ஆலையில் வேலை பார்த்தவர் அங்கே வீடு வாங்க முடியுமா என்று கேட்டேன். மகள் பதில் சொல்லவில்லை. வட்டாரத்தைக் குறுக்கே வெட்டும் ஏ40 நெடுஞ்சாலைக்குத் தெற்கே வசதி, வடக்கே வறுமை என்பது அங்கே எல்லோரும் அறிந்த கணக்கு. கெல்சன்கிர்ஷன் இன்றும் ஜெர்மனியில் வேலையின்மை மிகுந்த நகரங்களில் ஒன்று.

நிற்காத பம்புகள்

சுரங்கம் வெட்டியதால் மேலே நிலம் இறங்கிவிட்டது. சில இடங்களில் இருபது மீட்டருக்கும் மேல். ஆறுகள் தம் போக்கில் ஓட முடியாது. ஆகையால் இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்கிறார்கள். நிறுத்தினால் வட்டாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏரியாகிவிடுமாம். பழைய சுரங்கத்து உப்புத் தண்ணீர் குடிநீரில் கலக்காமலும் இறைக்க வேண்டும். சுரங்கம் மூடினாலும் இந்தச் செலவு என்றைக்கும் ஓயாது. அதற்கென்றே ஓர் அறக்கட்டளை அமைத்து, ஆண்டுக்கு 20 கோடி யூரோவுக்கும் மேல் ஒதுக்குகிறார்கள். கரி விற்ற காலத்திலேயே இதற்கும் யோசிக்க வேண்டும் என்று நம் கோல்ஃபீல்டு அதிகாரிகள் யாராவது படித்தால் தேவலை.

எம்ஷரின் பாவமும் இதனால்தான். நிலம் இறங்கிக்கொண்டே இருந்தால் பூமிக்கடியில் போட்ட குழாய் உடையும். எனவே 1899-இல் ஒரு நீர்ச் சங்கம் அமைத்து, ஆற்றையே கான்கிரீட் தொட்டியில் போட்டுத் திறந்த சாக்கடையாக்கினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் அது நாறிக்கொண்டு ஓடியது. சுரங்கம் வடக்கே நகர்ந்து நிலம் அடங்கிய பிறகு, 1992-இல் சீரமைப்பைத் தொடங்கினார்கள். 51 கிலோமீட்டருக்குப் பெரிய குழாய், கிளைகளோடு நானூறு கிலோமீட்டருக்கும் மேல்; செலவு ஏறத்தாழ 550 கோடி யூரோ. 2021 முடிவில் எம்ஷரில் கழிவுநீர் விழுவது அடியோடு நின்றது. டோர்ட்முண்டில் அதன் கரையில் நான் தினமும் காலையில் நடந்தேன். ஓர் ஆள் தாண்டக்கூடிய வாய்க்கால்தான், வாத்துகள் நீந்துகின்றன. மனைவி முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள், நான் சொன்ன கதையைக் கேட்டு!

என்ன பார்க்கலாம்?

சுற்றுலா என்று பார்த்தால், பழைய ஆலைகளையே காட்சிப் பொருளாக்கியிருக்கிறார்கள். எஸ்ஸனில் சோல்வெரைன் சுரங்கம். 1932-இல் தொடங்கிய அதன் 12-ஆம் வாயின் கோபுரம்தான் வட்டாரத்தின் அடையாளம். 1986-இல் மூடினார்கள், 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கரி கழுவிய கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகம். நீண்ட நகரும் படியில் ஏறிப் போக வேண்டும். பக்கத்திலேயே கோக் அடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. நான் அங்கே நின்று அடுப்புக் கதவுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோக் ஓவன் பக்கம் வேலை பார்த்தவனுக்கு ஆறிப்போன அடுப்பைப் பார்ப்பது ஒரு மாதிரியாக இருக்கும். வழிகாட்டியாக வந்தவர் பழைய சுரங்கத் தொழிலாளி. நான் ரூர்கேலா என்றதும் சட்டென்று கை கொடுத்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் அங்கே போய் வேலை செய்தவராம்.

டூயிஸ்பர்க்கில் 1985-இல் மூடிய இரும்பாலையை இடிக்காமல் பூங்காவாக்கிவிட்டார்கள். ஊதுலையின் உச்சிவரை ஏறலாம். பழைய வாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முங்கு நீச்சல் பழகுகிறார்கள். ஓபர்ஹவுசனில் 117 மீட்டர் உயர வாயுக் கலம் கண்காட்சிக் கூடமாகியிருக்கிறது. போஹும் நகரத்துச் சுரங்க அருங்காட்சியகம் 1930-இல் தொடங்கியது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. 1966 வரை சுரங்கத்துக்குள் குதிரைகள் கரிவண்டி இழுத்தன. கடைசிக் குதிரையின் பெயர் டோபியாஸ். கரிக்கழிவைக் கொட்டிய மேடுகள் குன்றுகளாகிப் பசுமை பூத்திருக்கின்றன. போட்ராப் குன்றின் மேல் 1995-இல் நிறுத்திய இரும்பு முக்கோணக் கூண்டில் ஏறினால் வட்டாரம் முழுவதும் தெரியும். புகை இருக்கும் என்று நினைத்துப் போனேன். காடு அல்லவா தெரிகிறது! சைக்கிள் மிதிப்பவர்களுக்கு ரூர் நதியோரமாக 240 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. நான் மிதிக்கவில்லை.

காமாட்சி இருக்கும் ஊர்

நம்மவர்கள் பார்க்க வேண்டியது கிழக்கு எல்லையில் ஹாம் நகரத்து ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 1983-க்குப் பின் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. ஒரு வீட்டின் நிலவறையில் 1989-இல் சிறியதாகத் தொடங்கி, 2002 ஜூலையில் கும்பாபிஷேகம் கண்டது. 17 மீட்டர் ராஜகோபுரம். கோயில் இருப்பது தொழிற்பேட்டையில்; கிடங்குகளும் மின் நிலையமும் அக்கம்பக்கம். கோடையில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரமாயிரமாகத் தமிழர்கள் வருகிறார்கள். தேர் அந்தத் தொழிற்பேட்டைச் சாலைகளில்தான் ஓடுகிறது. ஜெர்மன் போலீஸ்காரர்கள் போக்குவரத்தை நிறுத்தி வழி விடுகிறார்கள். தீர்த்தம் நடப்பது கரிப் படகுகள் போன கால்வாயில்!

அன்னதான வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டார். ஒரிசாவில் இருக்கிறோம் என்றதும், "அங்கேயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?" என்று வியந்தார். நாற்பது ஆண்டுகளாக உணவகச் சமையலறையில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாராம். என் மனைவி அவரோடு பேச உட்கார்ந்தவள் எழுந்திருக்க ஒரு மணி நேரமாயிற்று.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிராங்பர்ட்டில் இறங்கினால் அங்கிருந்து ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். அப்போதும் குடை வேண்டும். நகர ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே மாதச் சீட்டு 2023-இல் 49 யூரோவுக்குக் கிடைத்தது. பிறகு விலை ஏறிவிட்டது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். தோசை மாவே கடையில் கிடைக்கிறது.

டூயிஸ்பர்க்கில் இரும்பு இன்னும் உருகிக்கொண்டுதான் இருக்கிறது. தைசன்க்ரூப் ஆலைதான் நாட்டின் மிகப் பெரிய எஃகு மையம். கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனை வைத்து இரும்பு எடுக்கும் புதிய ஆலைக்கு வேலை தொடங்கியிருக்கிறார்கள். இதற்கிடையே 2024 நவம்பரில், எஃகுப் பிரிவின் 27 ஆயிரம் வேலைகளில் 11 ஆயிரத்தைக் குறைக்கவோ வேறு கம்பெனிக்கு மாற்றவோ போவதாக நிர்வாகம் அறிவித்தது. செய்தியை மகள்தான் போனில் சொன்னாள். மறுநாள் காலை ரிங் ரோட்டில் என்னோடு நடக்கும் ஓய்வு பெற்ற சகாக்களிடம் சொன்னேன். அவர்களில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்வாங்களா?"